பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால்...?

(மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு மாணவி)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைத் தோழிகள் கேட்டார்கள். கவிதை எனக்கு வராது. கணித மேதை சீனிவாச ராமானுஜன் பற்றி எழுதுகிறேன் என்றேன். உடனே ஒருத்தி சிரித்துவிட்டாள். டிசம்பர் 22 வந்தால் கணித தினம், பேச்சுப் போட்டி, டாக்ஸி நம்பர் 1729 என்று எல்லாரும் கேட்டுக் கேட்டுப் புளிச்சுப் போன கதையாச்சே என்றாள். உண்மைதான். ஆனால் அந்த மேதையோடு எனக்கு ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. அது ஓர் அரியர் கணக்கு! அதனால் பொறுமையாகப் படியுங்கள்.

நான் கோட்டை விட்ட கணக்கு

எங்க அப்பா கொத்தனார். அம்மா வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ரவிக்கை தைக்கிறவர். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். வீட்டில் படிக்கப்படும் எழுத்து என்றால் ரேஷன் கார்டும் கரண்ட் பில்லும்தான். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தபோது, கணக்கு வகுப்பில் லிமிட், கன்டினியூட்டி, ரேஷனல் ஃபங்ஷன் என்று காதில் விழுந்ததெல்லாம் வேறு ஏதோ தேசத்துப் பேச்சு போலவே இருந்தது.

முதலாம் ஆண்டு மாடல் தேர்வில் ஒரு கேள்வி. மேலே எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் 5 எக்ஸ் பிளஸ் 6. கீழே எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் 4. இந்தச் சார்பு எந்தெந்த இடத்தில் தொடர்ச்சி அற்றுப் போகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். காரணிப்படுத்துவது எனக்குத் தெரியும். மேலே எக்ஸ் மைனஸ் 2, எக்ஸ் மைனஸ் 3 என்று இரண்டு காரணிகள். கீழே எக்ஸ் மைனஸ் 2, எக்ஸ் பிளஸ் 2 என்று இரண்டு. மேலேயும் கீழேயும் எக்ஸ் மைனஸ் 2 இருக்கிறதே என்று சந்தோஷமாக இரண்டையும் அடித்தேன். மிச்சம் கீழே இருந்தது எக்ஸ் பிளஸ் 2. அது மைனஸ் 2-இல் பூஜ்யம் ஆகும். ஆகவே விடை மைனஸ் 2 மட்டும் என்று எழுதிக் கோடு போட்டு வைத்தேன்.

விடைத்தாள் திரும்பி வந்தபோது சிவப்பு மையில் ஒரு வட்டம். மதிப்பெண் பாதிதான். சரியான விடை 2, மைனஸ் 2 ஆகிய இரண்டும்! அந்த மாடல் தேர்வோடு போனால் பரவாயில்லை. செமஸ்டர் தேர்விலும் இதே போன்ற தவறுகள் சேர்ந்து சேர்ந்து எனக்குக் கணக்கில் அரியர் விழுந்தது.

அன்று ராத்திரி வீட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அரியர் என்றால் என்ன என்றே அம்மாவுக்குத் தெரியாது. படிப்பை விட்டுவிட்டு மேட்டுப்பாளையம் பக்கம் ஏதாவது கம்பெனி வேலைக்குப் போய்விடலாம் என்று நானே முடிவு செய்திருந்தேன். அப்பாதான், எதில் தப்பு போச்சு, சொல்லு என்று கேட்டார். அவருக்குப் புரிகிற மாதிரி, அடிக்கக் கூடாத இடத்தில் முதலிலேயே அடிச்சிட்டேன் என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு, பூச்சு வேலைக்கு முன்னாடியே சுவரில் விரிசல் எங்கே என்று பார்த்துக் குறித்து வைக்கணும், பூசின பிறகு சுவர் வழவழன்னுதான் இருக்கும், விரிசல் உள்ளேயே இருக்கும் என்றார். ஒரு செமஸ்டர் முழுக்க எனக்குப் புரியாதது அந்த ஒரு பேச்சில் புரிந்துவிட்டது.

அதற்கடுத்த வாரம் ரோமன் ரோலந்து நூலகத்தில் ராமானுஜன் வாழ்க்கை வரலாறு ஒன்று கையில் கிடைத்தது. அதில் ஒரு சின்னச் சம்பவம் என்னை அப்படியே உட்கார வைத்துவிட்டது.

கும்பகோணத்துச் சிறுவன்

ராமானுஜன் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில். தந்தை சீனிவாச அய்யங்கார் துணிக்கடையில் கணக்கு எழுதுகிற குமாஸ்தா. தாய் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனைப் பாட்டு பாடி வந்த சிறு வருமானமும் குடும்பத்துக்குத் தேவைப்பட்டது. இரண்டு வயதில் அம்மை போட்டுப் பிழைத்த குழந்தை. 1897-இல் ஆரம்பப் பள்ளித் தேர்வில் தஞ்சை மாவட்டத்திலேயே முதலாவதாக வந்து, மறு ஆண்டு கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் சேர்ந்தார்.

அந்தப் பள்ளி நாட்களில் நடந்ததாகச் சொல்லப்படும் சம்பவம் இதுதான். எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் விடை 1 என்று ஆசிரியர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். மூன்று பழத்தை மூன்று பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஒன்று. எத்தனை பழமானாலும் அத்தனை பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஒன்றுதான். வகுப்பே தலையாட்டியது. ராமானுஜன் மட்டும் எழுந்து, பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தாலும் ஒன்றுதானா, பழமே இல்லாமல் ஆளும் இல்லாமல் பங்கிட்டால் அப்போதும் ஆளுக்கு ஒன்று கிடைக்குமா என்று கேட்டாராம்.

நண்பர்களே, இது குறும்புக் கேள்வி இல்லை. நான் அரியர் வைத்த பாடமே இதுதான்! எக்ஸை எக்ஸால் வகுப்பதை ஒரு சார்பாக எடுத்துக்கொள்ளுங்கள். 5 போட்டால் 1. மைனஸ் 7 போட்டால் 1. 0.001 போட்டாலும் 1. படம் வரைந்தால் படுக்கையாக ஒரு நேர்கோடு. ஆனால் பூஜ்யத்தில் மட்டும் அந்தக் கோட்டில் ஒரு புள்ளி இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஓர் ஓட்டை. ஆசிரியர் முழுக் கோட்டையும் பார்த்தார். பையன் அந்த ஓட்டையைப் பார்த்தான்.

இரண்டு வகை உடைசல்

இங்கே கொஞ்சம் பாடம் நடத்திவிடுகிறேன். முதலாம் ஆண்டு தம்பி தங்கைகளுக்குத் தேர்வுக்கும் உதவும்.

விகிதமுறு சார்பு என்பது ஒரு பல்லுறுப்புக்கோவையை இன்னொரு பல்லுறுப்புக்கோவையால் வகுத்தது. அது எங்கும் ஒழுங்காக ஓடும். கீழே உள்ள பகுதி பூஜ்யம் ஆகும் இடங்களில் மட்டும் உடையும். பகுதி எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் 1 என்று இருந்தால் எந்த மெய்யெண்ணுக்கும் பூஜ்யம் ஆகாது, உடைசலே கிடையாது.

உடைசலில் இரண்டு வகை. மேலே எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் 4, கீழே எக்ஸ் மைனஸ் 2 என்று எடுத்துக்கொள்வோம். 2-ஐப் போட்டால் பூஜ்யத்தின் கீழ் பூஜ்யம். ஆனால் பக்கத்தில் போய்ப் பாருங்கள். 1.9-க்கு விடை 3.9. 1.99-க்கு 3.99. அந்தப் பக்கமிருந்து 2.01-க்கு 4.01. இரண்டு பக்கமும் 4-ஐ நோக்கித்தான் வருகின்றன. 4 என்கிற ஒரு புள்ளியை அந்த ஓட்டையில் வைத்து அடைத்துவிட்டால் கோடு முழுசாகிவிடும். இதற்கு நீக்கக்கூடிய தொடர்ச்சியின்மை என்று பெயர்.

அடுத்து, மேலே எக்ஸ் பிளஸ் 1, கீழே எக்ஸ் மைனஸ் 2. 1.99-க்கு விடை மைனஸ் 299. 2.01-க்கு 301! ஒரு பக்கம் பாதாளம், ஒரு பக்கம் ஆகாயம். எந்தப் புள்ளியை வைத்தும் இதை அடைக்க முடியாது. இது முடிவிலித் தொடர்ச்சியின்மை.

இப்போது அந்தச் சிறுவனின் கேள்விக்கு வாருங்கள். எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் 4-ஐ எக்ஸ் மைனஸ் 2-ஆல் வகுத்தால் 2-இல் கிடைக்கும் எல்லை 4. எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் 5 எக்ஸ் பிளஸ் 6-ஐ அதே எக்ஸ் மைனஸ் 2-ஆல் வகுத்தால் எல்லை மைனஸ் 1. எக்ஸ் மைனஸ் 2-ஐ அதாலேயே வகுத்தால் எல்லை 1. மூன்றிலும் 2-ஐப் போட்டால் வருவது பூஜ்யத்தின் கீழ் பூஜ்யம்தான். விடையோ மூன்று விதம்! ஆகவே பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் இன்னதுதான் என்று ஒரே விடை சொல்ல முடியாது. அது எந்த வழியாக வந்த பூஜ்யம் என்று விசாரிக்க வேண்டும். பிற்காலத்தில் கேம்பிரிட்ஜில் தன் நண்பர் மகலனோபிஸிடம் ராமானுஜன் பூஜ்யத்தைப் பற்றியும் முடிவிலியைப் பற்றியும் தத்துவமாகவே பேசுவாராம். பூஜ்யத்தையும் முடிவிலியையும் பெருக்கினால் ஒரே எண் அல்ல, எல்லா எண்களும் கிடைக்கும் என்பது அவர் கருத்து. பள்ளிக்கூடத்துக் கேள்வியை அவர் கடைசிவரை விடவில்லை!

அவரும் ஃபெயில்தான்

1903-ஆம் ஆண்டில் கார் என்பவர் தொகுத்த ஒரு கணிதப் புத்தகம் ராமானுஜன் கைக்கு வந்தது. ஆயிரக்கணக்கான சூத்திரங்கள், நிரூபணம் மிகக் குறைவு. ஒவ்வொன்றையும் தானே சரிபார்த்து, அதற்கு மேலும் போனார். காகிதம் விலை அதிகம் என்பதால் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, விடையை மட்டும் நோட்டில் எழுதி வைத்தார்.

அந்த நோட்டுகளில் ஒரு சூத்திரம் நம் டிப்ளமோ மாணவர்களுக்கே எட்டும். அடுத்தடுத்த மூன்று எண்களின் பெருக்கலை 1-க்குக் கீழே போட்டு வரும் பின்னங்கள் அதில் வருகின்றன. ஒன்று இரண்டு மூன்று, பிறகு மூன்று நான்கு ஐந்து, இப்படி. அதாவது ஆறில் ஒன்று, அறுபதில் ஒன்று என்று போகும். இந்தப் பின்னத்தைப் பகுதிப் பின்னமாகப் பிரித்தால் ரகசியம் வெளிப்படும். எக்ஸ் மைனஸ் 1, எக்ஸ், எக்ஸ் பிளஸ் 1 மூன்றையும் பெருக்கிக் கீழே போட்டால் அந்தச் சார்பு 1, 0, மைனஸ் 1 ஆகிய மூன்று இடங்களில் உடைகிறது. பகுதிப் பின்னம் என்பது அந்த உடைசல் ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு என்று பிரித்து எழுதுவதுதான். எங்கே உடைகிறது என்று தெரிந்தால் சார்பையே எழுதிவிடலாம்!

இத்தனை தெரிந்தவர் கல்லூரியில் என்ன ஆனார்? 1904-இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறெதையும் படிக்கவில்லை. ஆங்கிலத்தில் தோல்வி. உதவித்தொகை போயிற்று. 1905-இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் பக்கம் ஓடிப்போனார். 1906-இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எப்.ஏ. தேர்வு எழுதி அதிலும் தோல்வி. 1907-இல் மறுபடி எழுதி மறுபடி தோல்வி. கடைசிவரை அந்தத் தேர்வில் அவர் தேறவே இல்லை.

இதைப் படித்ததும் எனக்கு முதலில் ஒரு கள்ள ஆறுதல் வந்தது. ராமானுஜனே ஃபெயில், நான் ஃபெயில் ஆனால் என்ன என்று! நம்மில் பல பேர் இப்படிச் சொல்லிக்கொண்டு திரிகிறோம். யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. அவர் மற்றப் பாடங்களில் தோற்றது கணக்கில் மூழ்கியதால். நான் கணக்கிலேயே தோற்றது பார்க்க வேண்டியதைப் பார்க்காததால். இரண்டும் ஒன்றாகுமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் வீட்டில் வறுமை இருந்தது; ஆனால் எழுத்து இருந்தது. எங்க வீட்டில் இரண்டும் சேர்ந்தாற்போல் இல்லை. அவருக்கு ஊர் ஊராகச் சிபாரிசுக் கடிதம் எழுதித்தரப் பெரிய மனிதர்கள் கிடைத்தார்கள். எங்க அப்பா காலத்தில் எங்கள் தெருவுக்கு அப்படி யாரும் இல்லை. எனக்குப் பாலிடெக்னிக் இருக்கிறது. அது பெரிய விஷயம் என்று இப்போது தெரிகிறது.

நம் ஊர்ப் பக்கம் வந்த ரயில்

1909-இல் ராமானுஜனுக்கும் ஜானகிக்கும் கல்யாணம். அந்தப் பெண்ணுக்கு வயது பத்து! வேலை தேடியே ஆக வேண்டிய நிலை. 1910-இல் ராமானுஜன் கும்பகோணத்தில் ரயில் ஏறி விழுப்புரத்தில் இறங்கி, அங்கிருந்து திருக்கோவிலூர் போனார். நமக்குக் கூப்பிடு தூரம்! புதுச்சேரியிலிருந்து விழுப்புரத்துக்கு 1879-லேயே ரயில் பாதை போட்டாயிற்று. அந்த ஆண்டு புதுவை பிரெஞ்சுக்காரர் ஊர். ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருப் பக்கம் பாரதியார் நடமாடிய காலம். ஒரு கவிஞர் இங்கே, ஒரு கணித மேதை அங்கே, நடுவில் ஒரு தேசத்து எல்லை.

விழுப்புரம் பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரியும். வில்லியனூர் வரை புதுவை. கண்டமங்கலம் வந்தால் தமிழ்நாடு. திருபுவனை, மதகடிப்பட்டில் மறுபடி புதுவை. வளவனூரில் மறுபடி தமிழ்நாடு. தார் ரோடு ஒரே ரோடுதான். ஆனால் மாநிலம் விட்டு விட்டு வரும். தொடர்ச்சி, தொடர்ச்சியின்மை என்று புத்தகத்தில் படிக்கும் முன்பே நாம் டிக்கெட் வாங்கிக்கொண்டு அதில் பயணம் செய்தவர்கள்!

திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்தவர் ராமசாமி அய்யர். 1907-இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர் அவர். ராமானுஜன் அவரிடம் கேட்டது ஒரு குமாஸ்தா வேலை. நோட்டுகளைப் புரட்டிப் பார்த்த அய்யர், தாலுகா ஆபீஸில் உட்கார வைத்து இந்தத் திறமையைப் புதைக்க மாட்டேன் என்று மறுத்துவிட்டு, சென்னைக்குச் சிபாரிசுக் கடிதங்கள் கொடுத்தனுப்பினார். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து உதவினார். 1911-இல் முதல் கட்டுரை வெளிவந்தது. 1912 மார்ச் 1-ஆம் தேதி சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா ஆனார். 1913 ஜனவரி 16-இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். மற்றது எல்லாரும் அறிந்த கதை. 1914 மார்ச் 17-இல் கப்பல் ஏறினார்.

உடைசலை வைத்தே எண்ணிக்கை

இங்கிலாந்தில் ராமானுஜனும் ஹார்டியும் சேர்ந்து செய்த வேலைகளில் பெரியது எண் பிரிவினை. 4 என்ற எண்ணை எத்தனை விதமாகக் கூட்டலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என்று ஐந்து விதம். 10-க்கு 42 விதம். 100-க்கு 19 கோடியைத் தாண்டும். 200-க்கு?

இதற்கு ஒரு பின்னம் இருக்கிறது. மேலே 1. கீழே 1 மைனஸ் எக்ஸ், 1 மைனஸ் எக்ஸ் ஸ்கொயர், 1 மைனஸ் எக்ஸ் கியூப் என்று முடிவில்லாமல் பெருக்கிக்கொண்டே போக வேண்டும். எந்த இடத்தில் நிறுத்தினாலும் அது நம் பாடத்தில் உள்ள விகிதமுறு சார்புதான். நிறுத்தாமல் போனால் உடைசல்கள் பெருகிக்கொண்டே போய், கலப்பெண் தளத்தில் ஆரம் 1 உள்ள வட்டம் முழுக்க அப்பிக்கொள்ளும். அதைப் பார்த்தால் யாரும் பயந்து விலகத்தான் செய்வார்கள். அவர்கள் இருவரும் நேரே அங்கேதான் போனார்கள்! எக்ஸ் 1 ஆகும் இடத்து உடைசல் மிகப் பெரியது. அதிலிருந்து விடையின் பெரும்பகுதி கிடைத்தது. மைனஸ் 1-இல் உள்ள உடைசல் அடுத்த திருத்தம். 1-இன் கன மூலங்கள் அதற்கடுத்த திருத்தம். இப்படிச் சில உறுப்புகளைக் கூட்டியதுமே 200-க்கான விடை கைக்கு வந்தது: 39,72,99,90,29,388. மேஜர் மெக்மஹான் என்பவர் கையாலேயே கூட்டிக் கூட்டிப் போட்ட கணக்கோடு அது பொருந்தியது. 1918-இல் அந்தக் கட்டுரை வெளிவந்தது. அதே ஆண்டு ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவியும், டிரினிட்டி கல்லூரி ஃபெலோ பதவியும் வந்தன.

உடம்பு மட்டும் தாங்கவில்லை. உலகப் போர்க் காலம். காய்கறிச் சாப்பாட்டுக்குத் திண்டாட்டம், தானே சமையல், குளிர், தனிமை. 1917 முதல் மருத்துவமனை மாற்றி மருத்துவமனை. 1919 மார்ச்சில் மெலிந்து போய் இந்தியா திரும்பினார்.

கடைசிக் கடிதம்

1920 ஜனவரி 12-இல், சாவதற்கு மூன்று மாதம் முன்பு, படுக்கையில் இருந்தபடி ஹார்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் இருந்தது உடம்பைப் பற்றிய புலம்பல் அல்ல, போலித் தீட்டா சார்புகள் என்று அவர் பெயரிட்ட புதுக் கணிதம்.

அவற்றில் ஒன்றின் ஒவ்வொரு உறுப்பும் நம் விகிதமுறு சார்புதான். பகுதியில் 1 பிளஸ் எக்ஸ், 1 பிளஸ் எக்ஸ் ஸ்கொயர் என்று வர்க்கமாகச் சேர்ந்துகொண்டே போகும். மைனஸ் 1-ஐ நெருங்கினால் அந்தச் சார்பு எல்லையில்லாமல் வளர்ந்து உடைகிறது. ராமானுஜன் கண்டது என்னவென்றால், ஏற்கெனவே தெரிந்த வேறொரு சார்பும் அதே இடத்தில் அதே வேகத்தில் எதிர்ப்பக்கமாக உடைகிறது. இரண்டையும் கூட்டினால் உடைசல் அடிபட்டுப் போய் ஒரு சாதாரண எண் மிஞ்சுகிறது. அந்த எண் 4!

நம் அளவுக்குச் சொல்வதென்றால், எக்ஸ் பிளஸ் 1-ஐ எக்ஸ் மைனஸ் 2-ஆல் வகுத்தால் 2-இல் உடைகிறதே, அதிலிருந்து 3-ஐ எக்ஸ் மைனஸ் 2-ஆல் வகுத்ததைக் கழித்துப் பாருங்கள். மிஞ்சுவது வெறும் 1. அந்த மாதிரி வேலை. ஆனால் அவர் போட்டது முடிவில்லாத உடைசல்கள் உள்ள சார்பில்! மேலே நான் சொன்ன முதல் கணக்கிலும் எல்லை 4, அவருடைய கடைசிக் கடிதத்திலும் 4. தற்செயல்தான். ஆனாலும் அதைக் கண்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

1920 ஏப்ரல் 26-ஆம் நாள், சென்னை சேத்துப்பட்டில், 32 வயதில் ராமானுஜன் காலமானார். கடைசி ஆண்டில் எழுதிய தாள்கள் 1976-இல் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் கண்ணில் பட்டன. போலித் தீட்டா சார்பு என்றால் உண்மையில் என்ன என்பது 2002-இல் ஸ்வேகர்ஸ் என்ற டச்சு இளைஞரின் ஆராய்ச்சியில்தான் தெளிவாயிற்று. மற்ற உடைசல்களில் அந்தக் கூட்டல் கழித்தல் எந்த எண்ணைத் தரும் என்ற சூத்திரம் 2013-இல் வெளிவந்தது. படுக்கையில் கிடந்தவர் எழுதியதைப் பிடிக்க உலகத்துக்கு 90 ஆண்டுக்கு மேல் ஆயிற்று!

ஜானகியம்மாள்

பேச்சுப் போட்டிகளில் கதை இத்துடன் முடிந்துவிடும். நான் இன்னும் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மாட்டேன். கணவர் இறந்தபோது ஜானகிக்கு வயது 21. பம்பாயில் அண்ணன் வீட்டுக்குப் போய்த் தையலும் ஆங்கிலமும் கற்றுக்கொண்டார். பிறகு சென்னை திருவல்லிக்கேணிக்கு வந்து, துணி தைத்தே பல ஆண்டுகள் தன் காலில் நின்றார். ஓர் அநாதைப் பையனையும் வளர்த்து ஆளாக்கினார். கணவருக்கு ஒரு சிலை வைக்கவில்லையே என்ற குறை அவருக்கு இருந்தது. அது தெரிந்து உலகெங்கும் உள்ள கணித அறிஞர்கள் பணம் போட்டு ஒரு வெண்கல மார்பளவுச் சிலையை 1980-களில் அவரிடம் சேர்த்தார்கள். 1994 ஏப்ரல் 13-இல் மறைந்தார். எங்க அம்மா மிஷின் மிதிக்கும் சத்தத்தில்தான் நான் இந்தப் பகுதியைப் படித்தேன். படித்ததை அம்மாவுக்கும் சொன்னேன். மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். அந்தம்மா என்னென்ன தைத்தார்கள் என்று விசாரித்தார்.

தம்பி தங்கைகளுக்கு

ராமானுஜன் வாழ்க்கையிலும் இரண்டு வகை உடைசலும் இருந்தன. உதவித்தொகை போனது, தேர்வில் தோற்றது, ஊரை விட்டு ஓடியது எல்லாம் அடைக்கக்கூடிய ஓட்டைகள். ஒரு ராமசாமி அய்யரும் ஒரு ஹார்டியும் வந்து ஒவ்வொரு புள்ளியாக வைத்து அடைத்தார்கள். 32 வயதுச் சாவு அப்படி அல்ல. அதை எதை வைத்தும் அடைக்க முடியாது. ஆகவே எல்லா உடைசலும் சரியாகிவிடும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். எது எந்த வகை என்று கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்வேன். என் அரியர் முதல் வகை. இரண்டாம் ஆண்டில் அதை எழுதித் தேறினேன்.

தேர்வுக்கு மூன்று வரி. முதலில் எதையும் அடிக்காமல், பகுதியைப் பூஜ்யத்துக்குச் சமப்படுத்தி, கிடைக்கும் எல்லா எண்களையும் எழுதிவிடுங்கள். சார்பு உடையும் இடங்கள் அத்தனையும் அவைதாம். பிறகுதான் காரணிகளை அடியுங்கள். அடித்த பின் அந்த எண்ணில் பகுதி பூஜ்யம் ஆகவில்லை என்றால் அது நீக்கக்கூடியது, இன்னும் பூஜ்யம் ஆகிறது என்றால் முடிவிலி. என் பழைய கணக்கில் 2 முதல் வகை, அங்கே எல்லை மைனஸ் கால். மைனஸ் 2 இரண்டாம் வகை.

அடுத்த மலர் வரும்போது நான் இங்கே இருக்க மாட்டேன். லேட்டரல் என்ட்ரியில் பி.இ. கிடைத்தால் படிப்பேன். கிடைக்காவிட்டால் அப்பா வேலை செய்கிற இடத்திலேயே சூப்பர்வைசராக நிற்பேன். எங்கே நின்றாலும் பூசுவதற்கு முன்னால் விரிசலைப் பார்த்துவிடுவேன்.